திருத்தணிக்குப் போகாத மொட்டை

ஆவடியில் மின்சார ரயில் ஏறுகிறேன். மழித்த தலை, கனத்த பூட்ஸ், கழுத்துச் சங்கிலியில் ஒரு பூட்டு. கோலாலம்பூரில் பங்க் இசைக்குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிப்பவள் நான். இந்தக் கோலத்தில் லிஃப்டில் நுழைந்தால் அங்கே பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். இங்கே ஓரமாக ஒதுங்கி நிற்பது நான்தான். கதவோரம் தொங்கிக்கொண்டு வரும் ஒருவன் என்னையே முறைக்கிறான். முடியில் ஆரஞ்சுச் சாயம், புருவத்தில் மழித்த கோடு. பையை இறுக்கிப் பிடிக்கிறேன். நேராக என்னிடமே வருகிறான்.

"அக்கா, திருத்தணியா? சந்தனம் தடவலியா? வெயில்ல மண்ட எரியுமே."

முருகனுக்கு முடி கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் சிரிப்பை அடக்குவதற்குள் அவனே தொடர்கிறான்.

"நானும் வேண்டிக்கினேன்க்கா. அம்மாவுக்கு ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சா மொட்ட போடறேன்னு. அம்மா நல்லாதான் கீது. இந்த முடிய எறக்கத்தான் மனசு வரல. நீங்க போட்டுகினீங்களே, எப்டிக்கா கீது?"

"காத்து நல்லா படும், தம்பி."

அம்பத்தூரில் இருவரும் இறங்குகிறோம். எதிர் நடைமேடைக்குத் திருத்தணி வண்டி வருவதாக ஒலிபெருக்கி சொல்கிறது. அவன் முடியை ஒருமுறை கோதிக்கொள்கிறான். சட்டென்று மேம்பாலப் படிகளில் தாவி ஓடுகிறான். இது வேண்டுதல் மொட்டை இல்லை என்று கத்த வாயைத் திறந்தவள், மூடிக்கொள்கிறேன். என் பூட்ஸ் கால் தானாகத் தாளம் போடுகிறது. அந்த வண்டி கிளம்புகிறது. கதவில் ஆரஞ்சு முடி கடைசித் தடவையாகக் காற்றில் பறக்கிறது.