பின்பக்கத்து விரிசல்

சோதனைக்கூடத்தில் அவளுக்குச் 'சாக்பீஸ் அக்கா' என்று பெயர். வெடிவைத்துச் சோதித்த கான்கிரீட் பலகைகளில் விரிசல் ஓடிய வழியைச் சாக்பீஸால் வரைந்து காட்டுவது பதினெட்டு வருடமாக அவள் வேலை. படிப்பு என்னவோ டிப்ளமோதான். ஆனால் விரிசல் விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது.

வெடிப்பைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டி நூலை அப்போது திருத்திக்கொண்டிருந்தார்கள். மெல்லிய சுவருக்கு உள்பக்கம் மட்டும் கம்பிவலை போதும் என்ற பழைய விதி அப்படியே இருக்கட்டும் என்றது திருத்தும் குழு. அவள் கணவன் வேலை பார்க்கும் ரசாயன ஆலையில் இந்த நூலைப் பார்த்துத்தான் புதுக் கட்டுப்பாட்டு அறை கட்டப்போகிறார்கள். தினமும் எட்டு மணி நேரம் அந்தச் சுவருக்குப் பின்னால் உட்காரப்போகிறவன் அவன்.

வெடி அழுத்தினால் சுவர் உள்ளே வளையும், உள்பக்கம் விரியும். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் வரைந்து, படமெடுத்து, பலகையை மதிலோடு சாய்த்துவிடுவது அங்கே வழக்கம். உள்ளே போன சுவர் மறுநொடியே வெளியே துள்ளும், அப்போது வெளிப்பக்கமும் விரியலாம் என்பது பெரிய தலைகளுக்குத் தெரியாததல்ல. அது அற்பம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அவளும்தான் இத்தனை வருடம் பின்பக்கம் பார்த்ததில்லை.

இடம் போதாமல் கிரேன் ஒரு பலகையைத் தூக்கிய அன்று பார்த்தாள். நட்டநடுவே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். வேண்டாத வேலை என்று சோதனைக்கூடத் தலைவர் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மதிலில் சாய்ந்திருந்த மீதிப் பதினொன்றையும் திருப்பவைத்தாள். மொத்தத்தில் ஒன்பது பலகைகளில் அதே விரிசல். எல்லாவற்றையும் வரைந்துவிட்டுக் குழுவைப் பலகைகள் கிடந்த முற்றத்துக்கே வரவழைத்தாள்.

குழுத் தலைவர் பேராசிரியர். "கிரேன்ல இடிச்சிருக்கும்மா," என்றார்.

"ஒண்ணு இடிக்கலாம் சார். ஒன்பதும் ஒரே இடத்துலயா இடிக்கும்?"

அவர் குனிந்து விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். அந்த வாரமே விதி மாறியது: இரண்டு பக்கமும் கம்பிவலை. அன்று அவள் தலை நிமிர்ந்து நடந்ததை, அவளோடு வேலை பார்க்கும் நானே பார்த்தேன். நிமிரட்டுமே, என்ன குறைந்துவிட்டது?

ஆலையில் அந்த அறையின் கட்டுமான வேலை தொடங்கிய அன்று மாலை கணவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"எந்தப் புண்ணியவான் இந்த விதியை எழுதினான், ரெட்டை வேலையா இருக்குன்னு மேஸ்திரி காலைலேர்ந்து திட்டித் தீர்த்துட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புண்ணியவான் இல்லய்யா, என் பொண்டாட்டின்னு சொன்னேன். எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னேன்."