போர்ப்படம் பார்க்க வந்த லாரன்ஸ்

நேற்று டிவியில் ஒரு போர்ப்படம். அடிபட்டுக் கிடந்த எதிரிக்கு ஒரு சிப்பாய் தன் தண்ணீரைக் கொடுத்தான். "இவன் இன்னா லூசாம்மா?" என்றான் என் மகன். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் மைதானத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளைத் துணி கட்டி இப்படியொரு படம் போட்டார்கள். அம்மாவோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்து நிலக்கரித் தூசி காற்றோடு வந்து பல்லில் நறநறத்தது. திரையில் ஒருவன் எதிரியின் காயத்துக்குக் கட்டுப்போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டபோது, சுவரோரம் லாரன்ஸ் நிற்பது தெரிந்தது. மீன் ஏலத் தகராறில் என் அப்பாவைக் குத்திக் கொன்றவன். அந்த வாரம்தான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். அவன் பக்கத்திலிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

அம்மா எழுந்து அவனிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன்.

"படத்துல அவன் கட்டுப் போட்டுட்டான். என்னால அதெல்லாம் ஆவாது, லாரன்சு," என்றாள். "ஆனா நீ செவுத்தாண்ட நிக்காத. வந்து குந்து."

அவன் எங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மீதிப் படம் முழுக்க அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில், "அவன மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலடி. ஏசு சொல்லிட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சிகினே கீது," என்றவள் வேகமாக நடந்தாள்.

தாத்தா எப்படிச் செத்தார் என்று மகனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. உள்ளே வந்து டிவியை அணைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.