வலது பையில் இருந்த பந்து

என் பேத்தி ஜெயிக்க வேண்டும் என்று, நடுவராக நின்ற நான் அவள் கையில் கெட்டுப்போன பந்தைக் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடிய பேஸ்பால் ஆட்டம் அது.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். கல்லூரி அணியில் முதல் ஓவர் நான்தான் போடுவேன். ஒரே பந்தில் நாள் முழுக்க ஆடுவோம். ஒரு பக்கத்தைக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபக்கத்தைச் சொரசொரப்பாக விட்டுவிடுவோம். அப்போதுதான் காற்றில் வளையும். இங்கே முதல் ஆட்டம் பார்க்கப் போன அன்று, மண்ணில் குத்திய பந்தை நடுவர் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வீசினார். எனக்குப் பதறிவிட்டது.

"புதுப் பந்தும்மா! எதுக்கு இப்படி வீணாக்குறாங்க?"

"அப்பா, மெதுவா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றாள் மகள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் நடுவரிடமே போய்க் கேட்டேன். அவர் பந்தை என் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தையலுக்குப் பக்கத்தில் தோல் லேசாக உரிந்திருந்தது. அது போதுமாம், பந்து சொன்ன வழியில் போகாது. எங்கள் ஊரில் பாடுபட்டு வரவழைத்த சொரசொரப்பை இங்கே குற்றம் என்கிறார்களே என்று சிரிப்பு வந்தது.

அடுத்த வசந்தத்தில் நானும் ஊர்ப் பிள்ளைகள் லீக்கில் தன்னார்வ நடுவராகப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். என்னைப் பிடித்துக்கொண்டது பந்துகள்தான். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பந்து சோப்பைப் போல வழுக்கும். பெரிய ஆட்டங்களில் ஒவ்வொரு பந்தையும் சேறு தடவித் தேய்த்த பிறகுதான் களத்துக்கு அனுப்புவார்களாம். அந்தச் சேறு எங்கள் நியூ ஜெர்சியின் ஒரு ஆற்றங்கரையிலிருந்து வருகிறது. எந்த இடம் என்று மட்டும் எடுப்பவர்கள் சொல்வதில்லை. நாங்கள் காலடி மண்ணைக் கொஞ்சம் கிள்ளித் தேய்த்துக்கொள்வோம். நடுவருக்கு இடுப்பில் துணிப்பை உண்டு. நான் இரண்டு கட்டிக்கொள்வேன். இடதில் நல்ல பந்துகள், வலதில் கழித்தவை. இன்னொரு வழக்கமும் எனக்குப் பிடிக்கும். மட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் மேல் பந்து பட்டுவிட்டால், நடுவர் புதுப் பந்தைத் தூக்கிப் போடமாட்டார். எறிபவரிடம் மெதுவாக நடந்து போய்க் கையில் கொடுப்பார். அதற்குள் அடிபட்ட பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்ளும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த நடையைத்தான் நான் கெடுத்தேன்.

அன்று வரவேண்டிய நடுவர் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டார். என் பேத்திதான் எறிபவள், அதனால் நான் ஒதுங்கியே நின்றேன். எதிரணிக் கோச் கீழக்கரைக்காரர், எங்கள் அபார்ட்மென்ட்டில் இருப்பவர். அவர் விடவில்லை.

"அங்கிள் நிக்கட்டும். பேட் பண்ணப்போறது என் பையன், நானே சொல்றேன்ல. அவர்மேல எனக்கு டவுட்டே இல்ல."

கடைசி இன்னிங்ஸ். பேத்தியின் அணி ஒரு ரன் முன்னால். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால், அதாவது சரியான உயரத்தில் வரும் பந்தை அடிக்காமல் விட்டாலோ, எந்தப் பந்துக்காவது மட்டையை வீசித் தவறவிட்டாலோ, ஆட்டம் முடியும். மட்டை பிடித்து நின்றது அந்தக் கோச்சின் மகன். அவன் அடித்த பந்து கணக்கில் சேராத பக்கவாட்டில் போய், வேலியைத் தாண்டி கார் நிறுத்துமிடத்தில் விழுந்து, யாரோ எடுத்து எறிய, என்னிடம் வந்தது. தடவினேன். தார்த்தரை நகத்தளவு தோலைச் சீவியிருந்தது. வலது பையில் போட்டேன். அடுத்த பந்து மட்டையில் உரசிக் கேட்சரின் தோளில் பட்டது. நான் பந்து எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இடது பையில் நல்ல பந்து இருந்தது. என் கை வலது பைக்குள் போனது.

பேத்தி அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். தாத்தா கொடுத்த பந்து.

எறிந்தாள். மட்டைக்கு அருகில் வந்து அது சட்டென்று கீழே சரிந்தது. பையன் வெறுங்காற்றில் மட்டையை வீசினான்.

கோச் வந்து என் கையைக் குலுக்கினார். "என்னா பந்து அங்கிள்! உங்க ரத்தம்ல?"

ஆட்டத்தில் புழங்கும் பந்துக்கும் கேம் பால் என்றுதான் பெயர். ஜெயித்த பிறகு நன்றாக ஆடிய பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கும் பந்துக்கும் அதே பெயர். அவள் அணி அந்தப் பந்தையே அவளுக்குக் கொடுத்தது. சீவிய பக்கம் சுவரைப் பார்க்க, அவள் மேசை அலமாரியில் அது உட்கார்ந்தது.

சும்மா இருந்திருப்பேன். ஆனால் அவள் வேறு பந்துகளில் அந்தச் சரிவைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளக் கராஜ் சுவரில் அதே பிடி, அதே வீச்சு. பந்து நேராகவே போனது. தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு ஒரு நாள் என்னிடம் வந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், அன்று தமிழில் கேட்டாள்.

"தாத்தா, அன்னிக்கு நான் என்ன பண்ணேன்? நீங்க பாத்தீங்கள்ல?"

சொன்னேன். அலமாரியிலிருந்து பந்தை எடுத்துத் திருப்பி, சீவிய இடத்தைக் காட்டி, எந்தப் பையிலிருந்து எடுத்தேன் என்பது வரை சொன்னேன்.

அவள் அதைக் கட்டைவிரலால் தடவினாள். "ஸோ, இட் வாஸ்ன்ட் மீ."

"தெரியல கண்ணு. பந்தா, உன் கையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அப்படி ஆக்கிட்டேன்."

"டஸ் ஹி நோ?" கோச்சின் மகனைத்தான் கேட்டாள்.

அவளே முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். கோச் கதவைத் திறந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்களுக்காக நான் பேசினேன் அங்கிள்" என்றார். அவ்வளவுதான். அவர் மகன் பந்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: "அது ஸ்ட்ரைக்கே இல்ல, ரொம்பத் தாழ்வா வந்துச்சு. நான் மட்டைய வீசியிருக்கவே கூடாது." இருவரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள் சிரிக்கவில்லை.

லீக்கிடமும் சொன்னேன். இனி நான் நடுவராக நிற்க வேண்டாம் என்றார்கள். அது சரிதான். கோச் இப்போதும் லிஃப்டில் பார்த்தால் சலாம் சொல்கிறார். அங்கிள் என்ற சொல் மட்டும் வருவதில்லை.

பேத்தி ஆடுகிறாள். தோள் ஆறிவிட்டது, கராஜ் சுவரை விட்டுவிட்டாள். நான் வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நடுவர் புதுப் பந்தைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் உடனே எறிவதில்லை. கையுறையைக் கழற்றி, பந்தை மெல்லச் சுழற்றி, கட்டைவிரலால் முழுக்கத் தடவிப் பார்க்கிறாள். போன சனிக்கிழமை ஒரு பந்தை நடுவரிடமே திருப்பி எறிந்து வேறு கேட்டாள். அவர் புரட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டு, இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் தடவிப் பார்த்த பிறகுதான் எறிந்தாள்.