பவோரித்தாவில் இரண்டு சுற்று

எனக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் சில வருடம் குடியிருந்து பாருங்கள், உங்களுக்கும் ஆகாது. மரக்கறிப் பையோடு ஒடுங்கிய சந்தில் நடக்கிறவளின் முழங்கையை உரசிக்கொண்டு போவார்கள். திரும்பி முறைத்தால் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நான், 1997இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் யூலியானா.

யூலியானா இலங்கையில் மன்னார், பேசாலைக்காரி. பலெர்மோவில் சினியோரா லோரா என்ற எண்பது தாண்டிய கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அதே கட்டடத்தின் கீழ்மாடி வீட்டில் எனக்கு வேலை. யூலியானாவுக்கு வாயைவிடக் கை முந்தும். இத்தாலியன் பாஷையை மெதுவாகக் கதைத்தால் விளங்கிக்கொள்வாள். வேகமாகக் கதைத்தால் தலையை ஆட்டிவிட்டு, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிட்டுத்தான் நிமிர்வாள். "ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யன்ரி" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். "கேட்டுக்கொண்டு நிண்டா ஆர் செய்யிறது, மொனிகா?" என்பாள். அதற்குமேல் அவளோடு என்ன கதைப்பது?

சினியோராவின் கணவர் செத்துக் கனகாலம். அவர் விட்டுப்போன சிவப்பு மோட்டார் சைக்கிளை மகன் மாட்டியா துடைத்துத் துலக்கிப் பாதுகாத்து வந்தார். இப்போது வீடு மாறுகிறார், நிறுத்த இடமில்லை. கத்தானியா ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கண்காட்சியில் கடைசியாக ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு, அங்கேயே கையளிப்பதாகப் பேச்சு. அதைக் கேட்ட நாளிலிருந்து கிழவிக்கு ஒரே நினைப்புத்தான். அது கைவிட்டுப் போவதற்கு முன் ஒருதரம் அதில் ஏறிச் சுற்ற வேண்டும். மகன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். போன வருடம்தான், யூலியானா வேலைக்கு வருமுன், அவளுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. கால்களை அகட்டவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேகமான இத்தாலியனில் அதைச் சொன்னபோது யூலியானா வழக்கம்போலத் தலையை ஆட்டியதோடு சரி. கிழவி சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அன்று காலை நானும் யூலியானாவும் மலையேறி, குகைக் கோயிலில் புனிதை சாந்தா றோசலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கட்டிய சேலையோடேயே கண்காட்சி நடந்த பவோரித்தா பூங்காவுக்கு இறங்கினோம். அவளுக்கு அது லீவு நாள். "மனிசி அங்கை அழுதுகொண்டு இருக்கும், வா பாத்திட்டு வருவம்" என்றாள்.

மரநிழலில் வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அம்மாடி! ஒன்று எங்கள் அப்பா பிறப்பதற்கு முந்தியது. சோற்றுப் பானை அளவு விளக்குகள், சுருள்கம்பி வைத்த தோல் இருக்கைகள், முகம் தெரியும்படி மினுக்கிய குழாய்கள். சொந்தக்காரர்கள் கோயில் திருநாளுக்கு மாதாவின் சுரூபக்கூடு சோடிக்கிறவர்கள் மாதிரி, மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணினார்கள். எங்கள் சந்தில் கேட்கிற கீச்சுக் குரல் இல்லை அது. ஆறுதலான, ஆழமான அடி. காலடி மண் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு யந்திரத்தைப் பார்த்து நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைப் பைத்தியம் என்றிருப்பேன்.

ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் பூங்காப் பாதையில் இரண்டு சுற்று ஓடலாம் என்று அறிவித்தார்கள். மாட்டியா சிவப்பில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் கதிரையில் இருந்த சினியோரா பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினாள். மகன் ஒருபக்கம், அயலவர்கள் ஒருபக்கம், எல்லாரும் ஒரே நேரத்தில் சிசிலியன் பேச்சில் சத்தம் போட்டார்கள்.

"என்னவாம்?" என்றாள் யூலியானா.

"ஏறவேணுமாம். விடமாட்டினமாம்."

இடுப்பு விஷயத்தை நான் சொல்ல வாயெடுக்க முன் அவள் போய்விட்டாள். தினமும் கட்டிலிலிருந்து தூக்குவதுபோல முதுகுக்குப் பின்னால் ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. கிழவியைத் தூக்கிப் பின்னிருக்கையில், இரண்டு காலும் ஒரே பக்கமாக, வைத்துவிட்டாள். கிழவியின் சால்வையால் தாயையும் மகனையும் சேர்த்துச் சுற்றி முடிச்சும் போட்டாள். எங்களூரில் பொம்பிளை ஒருத்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றுவது இப்படித்தான். வேறு விதமாக இருக்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

சத்தம் அப்படியே நின்றது. மாட்டியா திரும்பி, சால்வை முடிச்சைத் தடவிப் பார்த்தார். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் அம்மா மோட்டார் சைக்கிளில் இப்படித்தான் இருப்பாள்! காலை அகட்டவே தேவையில்லை, எப்படி மறந்தோம்?"

சினியோராவுக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது. "நானா? மீன்கூடை மாதிரிப் பக்கவாட்டிலா? நான் காற்சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டுப் போனவள். என்னைப் பற்றிக் கதைக்காத வாய் இந்த ஊரில் இருந்ததில்லை!"

நான் அதை மொழிபெயர்த்தேன். "அப்ப இறங்கட்டும் எண்டு சொல்லு," என்றாள் யூலியானா.

அதையும் சொன்னேன். கிழவி கத்தானியாக்காரரைப் பார்த்தாள். அவர் தன் லொறிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். அவள் மகனின் தோளைப் பிடித்தாள். "போ," என்றாள்.

அவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் யூலியானாவுக்கு இடுப்புக் கதையைச் சொன்னேன். என் கையை நோகப் பிடித்தாள். "ஐயோ மாதாவே, முதலே சொல்லியிருக்கலாமேடி! மனிசி விழுந்தா?"

"நீ எங்கை சொல்ல விட்டனி?"

சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். தூரப் போனது, மெல்லத் திரும்பி வந்தது. வெள்ளைத் தலைமயிர் கலைந்து, முகத்தை நிமிர்த்தி, கிழவி வந்துகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி இருந்தது.

கிட்ட வந்ததும் நிறுத்தச் சொல்லி, தன்னை இறக்கச் சொன்னாள்.

"இன்னும் ஒரு சுற்று இருக்கிறதே அம்மா," என்றார் மாட்டியா.

"அது யூலியானாவுக்கு. ஊரெல்லாம் என்னைப் பார்த்தது. நான்தான் என்னைப் பார்க்கவில்லை. அவள் ஏறட்டும், நான் பார்க்கிறேன். என்னை மாதிரி, இரண்டு பக்கமும் கால் போட்டு."

நான் மொழிபெயர்த்ததும் யூலியானா தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். "சேலையோடையோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் கிடக்கட்டும். தூக்கிச் செருகடி!" என்றேன்.

செருகினாள். வாழ்க்கையில் முதல்தரம் கால் போட்டு ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு புறப்பட்டவள், வளைவு வருவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். பாதையோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். மஞ்சள் சேலைத் தலைப்பு பின்னால் எழும்பிப் பறந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சினியோரா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கத்தானியாக்காரரை மறந்துவிட்டாள். சிவப்பும் மஞ்சளும் மரங்களுக்குள் மறையும்வரை கண் வெட்டாமல் பார்த்தாள்.

"அன்றைக்கு ஊரார் கதைத்ததில் பிழையில்லை," என்றாள். "இப்படி ஒருத்தி போனால் நானும் கதைத்திருப்பேன்."