என்னைத் தூக்கிய நால்வர்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. படிப்பில் புலி என்பதால் அல்ல. தினமும் காலையில் நான்கு பையன்கள் என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள், அதனால்தான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அதற்காக நான் வீட்டில் முடங்கிக் கிடந்ததில்லை. பின்னால் கூடுதலாக இரண்டு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டியில் ஓசூர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வந்துவிடுவேன். வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கும் நாற்காலிக்கு மாறிக்கொள்வேன். அதுவரை நான் ராணி. எங்கள் துறைக் கட்டடத்தின் படிகள் வந்ததும் மூட்டை. வகுப்பு, லேப் எல்லாமே தரைத்தளத்தில்தான். ஆனால் அந்தத் தரைத்தளத்துக்குப் போகவே ஏழு படி ஏற வேண்டும். கட்டியவருக்கு என்ன கோபமோ தெரியவில்லை.

தூக்குகிற நால்வரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒருத்தன் கன்னடத்தில் "உஷாரு, உஷாரு" என்பான். ஒருத்தன் தெலுங்கில் "மெல்லகா" என்பான். மதுரைப் பக்கத்துக்காரன் "பைய, பைய" என்பான். மூன்று மொழியிலும் நான் ஆடுவேன். நாலாவது ஆள்தான் தலைவன். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, சாயங்காலங்களில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலையும் பார்க்கிறவன். அவன் "ம், எடு" என்றதும் நான் ஒரு கையால் துப்பட்டாவையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

போன வருட விழாவுக்கு வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'இங்கே எல்லோரும் சமம்' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே நால்வரும் தூக்கிப் பிடித்த படத்தில், அந்தரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நான். விழாவுக்கு வந்த என் அத்தா அதைப் பார்த்துவிட்டு, திரும்பி டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த செமஸ்டருக்குள் யார் கையும் படாமல் என் வகுப்புக்குள் போக வேண்டும். முடியாவிட்டால் இந்தப் படிப்பே வேண்டாம், வீட்டிலிருந்து தபாலில் ஏதாவது படித்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில்தான் இண்டஸ்ட்ரியல் விசிட் வந்தது. எங்கள் துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ வேணாம்மா. ஃபேக்டரியில கஷ்டப்படுவ. ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடு, மார்க் போட்டுடறேன்."

"கஷ்டப்பட்டா நான்தானே சார் படப்போறேன்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். நாற்காலி பஸ்ஸில் வந்தது, நான் ஸ்கூட்டியில் போனேன். பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தும் விட்டேன்.

உள்ளே போனதும் நாற்காலியை நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற பெரிய ஃபேக்டரி அது. எங்கே பார்த்தாலும் சமதளம். மஞ்சள் கோடு போட்ட அகலமான பாதை. ஒரு படிகூட இல்லை, ஏனென்றால் சரக்குத் தள்ளுவண்டிகள் எல்லா இடத்துக்கும் போயாக வேண்டும். நான் ஒரு தள்ளு தள்ளினால் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றவர்கள் கால் வலிக்கிறது என்று பின்னால் புலம்பிக்கொண்டு வந்தார்கள். "ஏம்மா, மெதுவா போம்மா!" என்று சூப்பர்வைசர் என்னைத்தான் விரட்டினார். சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு கியர் பெட்டிக்கு இருக்கிற வழி எங்கள் வளாகத்தில் எனக்கு இல்லையே!

மறுநாள் படிகளுக்கு முன்னால் இதை அப்படியே நால்வரிடமும் சொன்னேன். அஞ்செட்டிக்காரன் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நாங்க தூக்கறது உனக்குப் புடிக்கலையா?"

"புடிக்கலடா."

அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தூக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. பிறகு ஒரு காலையில் சரக்கு ஆட்டோவில் ஒரு இரும்புச் சாய்தளத்தோடு வந்து இறங்கினான். பட்டறை முதலாளியிடம் கெஞ்சி, மிச்சம் மீதித் தகடுகளில் அவனே செய்தது. ஓசூரில் வீட்டுக்கு வீடு பைக் ஏற்ற வாசலில் ஒரு சரிவு போட்டிருப்பார்கள் அல்லவா? ராம்ப் என்றால் அவனுக்கு அதுதான். அதே செங்குத்தில் செய்திருந்தான்.

"பைக்குக்கு எஞ்சின் இருக்கு. எனக்கு என்னா இருக்கு? நீ உக்காந்து ஏறிக் காட்டு," என்றேன்.

நான் முதல் படிக்கு மாறி உட்கார, அவன் என் நாற்காலியில் வீராப்பாக உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினான். பாதி ஏறியதும் கை தளர்ந்தது. வந்த வழியே பின்னால் உருண்டு, குரோட்டன்ஸ் தொட்டிகளை உடைத்துக்கொண்டு போய் நின்றான். வகுப்பே சிரித்தது. தலையிலிருந்து இலையை எடுத்துப் போட்டுவிட்டு அவனும் சிரித்தான். "இது ஆவாது. நீளமா வேணும்," என்றான்.

நீளமாகச் செய்தால் துறைத்தலைவரின் கார் நிற்கும் இடம்வரை வரும். புங்க மரத்து நிழல் விழுகிற ஒரே இடம் அது. நாங்கள் இருவரும் போய்க் கேட்டோம். அவர் ஜன்னல் வழியே காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காரைப் பார்த்தார்.

"வெயில்ல பெயின்ட் போயிடுமேம்மா."

"கவர் போட்டுக்கலாம் சார்," என்றான் அஞ்செட்டிக்காரன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியதும் அவர்தான்.

புது சாய்தளத்தில் முதல் நாள் ஏறி முடித்தபோது உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயின. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. அப்புறம் எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று. நினைத்தால் கேன்டீன், நினைத்தால் லைப்ரரி. ஒரு நாள் கேன்டீனில் அரட்டையில் உட்கார்ந்து, மணி அடித்ததே காதில் விழவில்லை. அவசர அவசரமாக ஏறி வகுப்பு வாசலுக்குப் போனேன்.

துறைத்தலைவர் போர்டிலிருந்து திரும்பினார். தூக்கி வந்த காலத்தில் நான் எப்போது வந்தாலும் "வாம்மா, வாம்மா" என்பார். அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மணி என்ன? இஷ்டத்துக்கு வர்றதுக்கு இது என்ன சந்தையா? வெளிய போ."

வகுப்பு திகைத்துப்போனது. அஞ்செட்டிக்காரன் "சார்..." என்று பாதி எழுந்தான். உட்காருடா என்று கண்ணாலேயே மிரட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினேன்.

எனக்கு முன்பே விரட்டப்பட்ட இரண்டு பெண்கள் வராந்தாவில் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

"உன்னையுமா துரத்திட்டாரு?"

"ஆமா, என்னையுந்தான்," என்றேன். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.