அண்ணனின் பட்டறைக்குக் கீழே கருப்பு

மனிதன் நுழைய முடியாத சுரங்கப் பொந்துகளை அளப்பது என் பிழைப்பு. நீண்ட கம்பியின் நுனியில் லேசர் தலையைக் கட்டித் துளைக்குள் இறக்குவேன். அது இருட்டில் சுழன்று சுழன்று சுவர்களை ஒளியால் குத்தும். குத்துப்பட்ட இடமெல்லாம் திரையில் வண்ணப்புள்ளி. ஒளி எட்டாத இடம் கருப்பு. கருப்பை ஊகத்தால் நிரப்பாதே, அங்கே பாறைகூட இல்லை, வெறும் பள்ளம் என்று வைத்துக்கொள்: இதுதான் எங்கள் தொழிலின் சட்டம்.

ஒரு மழைக்காலம், நாங்கள் பிழைக்கவந்த வடக்கத்தி நகரத்தில், ஆண்டாப் ஹில் பகுதிக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்தின் கூரை சரிந்தது. சரிந்த பொந்து தரையை நோக்கி எவ்வளவு உயரம் ஏறிவிட்டது என்று பார்க்கத் தெருவில் துளையிட்டு லேசரை இறக்கினோம். தொங்கிய பாறையொன்று ஒளியை மறித்தது. பாறைக்குப் பின்னால் கருப்பு. அந்தக் கருப்புக்கு நேர் மேலே என் அண்ணனின் தகரப் பட்டறை. ஒரு பிரஸ் மெஷின், மூன்று பீகார் ஆட்கள், மாடியில் மதினி.

"உள்ள ஒரு துளை போடணும்ணே. எல்லாரும் வெளிய வாங்க."

அண்ணன் மடிக்கணினியைப் பிடுங்கிப் பார்த்தான். "கலர் கலரா இருக்கதுதானல பொந்து? என் இடம் கருப்பால்லா கெடக்கு. கருப்புன்னா பாறை."

"கருப்புன்னா தெரியலைன்னு அர்த்தம்."

"தெரியலைன்னா மூடிட்டுப் போல, படிச்ச மூதி!"

நானும் கூட்டாளியும் துளைக்கருவியைப் பட்டறைக்குள் தள்ளினோம். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனர் என் வாயில் இறங்கியது. பல்லைத் துப்பிவிட்டு அவன் வயிற்றில் முட்டினேன். தகரத் துண்டுகள் முதுகைக் கிழிக்க இருவரும் உருண்டோம். அவன் என் கழுத்தை நெரித்தான், நான் அவன் காதைக் கடித்தேன். மாடியிலிருந்து மதினி, "ரெண்டு பேரும் செத்துத் தொலைங்க!" என்று குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

அதற்குள் என் கூட்டாளி தரையைத் துளைத்துவிட்டான். ஒரு முழம் கான்கிரீட், ஒரு முழம் மண். பிறகு துளைக்கம்பி பிடியில்லாமல் வெற்றிடத்துக்குள் நழுவிப் போனது. துளையிலிருந்து குளிர்ந்த நாற்றக்காற்று சீறியது.

மதினி இறங்கி ஓடிவந்தாள். "நிக்லோ ரே! ஜல்தி!" ஆட்களைச் சட்டையைப் பிடித்து வெளியே எறிந்தாள். அண்ணன் வரவில்லை. பிரஸ் மெஷினின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

தரை உடைந்தது. மெஷின் தலைகுப்புறப் போனது. அவன் வலது கை மட்டும் எனக்குக் கிடைத்தது. கதவு நிலையில் காலை முட்டுக்கொடுத்து, மாட்டை இழுப்பதுபோல் இழுத்தேன். தோள்பட்டை கழன்ற சத்தம் முதலில் கேட்டது. இரும்பு அடியில் மோதிய சத்தம் பிறகுதான்.

மறுநாள் தெருத்துளையில் மறுபடி இறக்கினோம். தொங்கிய பாறையும் விழுந்துவிட்டிருந்ததால் மறைப்பு இல்லை. கைக்கட்டோடு அண்ணன் பக்கத்தில் நின்றான். திரையில் பச்சைப் புள்ளிகளால் ஆன மெஷின் ஒருக்களித்துக் கிடந்தது.

"உடையலைல்லா? எடுத்துரலாம்லா?"

"முடியாதுண்ணே. ஆள் இறங்குனா மிச்சக் கூரையும் விழும்."

இடது கையால் என் கன்னத்தில் அறைந்தான். வாயில் மறுபடி ரத்தம்.

"இன்னொரு மட்டம் எறக்கி அளல, பாத்துக்கிடுதேன்" என்றான்.

இறக்கினேன்.