சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பக்கத்து வீட்டு காதர் பாய். ராஜபாளையம் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். கையில் ஒரு தட்டு. தட்டு நிறையச் சுடச்சுட உளுந்த வடை.

தட்டை என்னிடம் கொடுக்காமல் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"விருந்தாளுக வந்திருக்காவ போல. சிரிப்புச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுது. அதான் வீட்ல வடை சுட்டுக் குடுத்து விட்டா."

உள்ளே இருந்தது ஒரு நாற்காலியும் டிவியும்தான். கேபிள் கனெக்‌ஷன் கொடுத்ததிலிருந்து ஏதோ வெளிநாட்டு காமெடித் தொடர் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு வசனம் முடிந்ததும் பெருங்கூட்டம் சிரிக்கிற மாதிரி சத்தம் சேர்த்திருப்பார்களே... அதைத்தான் பாய் வீட்டம்மா விருந்தாளிகள் என்று நினைத்துவிட்டார்.

வராத விருந்தாளிகளுக்கான வடையை நானும் பாயும் உட்கார்ந்து தின்றோம்.

பாய்க்கு காமெடி ஒத்துவராது. சண்டைப் படம்தான் படம் என்பார். எனக்கோ சண்டைப் படத்தில் ஒரு தீராத சந்தேகம். ஹீரோவைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் அடி வாங்கி விழுகிற வரைக்கும் மற்றவர்கள் ரேஷன் கடை க்யூவில் நிற்பது போல நிற்கிறார்களே — ஏன்? பாயிடம் கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்தால் படம் இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்துவிடுமே என்றார். நியாயம்தான்.

ஆனால் சண்டைப் படத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. தனியாகப் பார்க்கலாம். கார்ட்டூனைக்கூடத் தனியாகப் பார்த்துவிடலாம். காமெடியைத்தான் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறோம். அங்கே யாரும் இல்லையென்றால் பாதிச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

பாய் போன பிறகு அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டேன். அத்தனை பேரும் டாண் என்று ஒன்றாக ஆரம்பிக்கிறார்கள், ஒன்றாக முடிக்கிறார்கள். ஒருத்தர்கூடப் பிந்துவதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி செண்பகம் பிந்திச் சிரிப்பவள்.

எங்களுக்குக் கல்யாணமானது எண்பதுகளின் தொடக்கத்தில். ராஜபாளையத்தில் தியேட்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதற்குள் போனாலும் நான் வேலை பார்த்த பஞ்சு மில் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள். மறுநாள் கேலி தாங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு நேரே மேட்னி ஷோ. வீட்டில் கோவிலுக்குப் போவதாக மட்டும்தான் சொல்லியிருப்போம். பொய் இல்லையே!

அந்தத் தியேட்டரில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் தோளுயரத்துக்கு ஒரு சுவர். புது ஜோடி என்பதற்காகச் சுவரை இடிக்கவா போகிறார்கள்? சேர்ந்து படம் பார்க்க வேண்டுமென்று அத்தனை பாடுபட்டு வந்து, இவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சுவரை ஒட்டின இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். இடைவேளையில் முறுக்குப் பொட்டலத்தைச் சுவருக்கு மேலே நீட்டி, "செண்பகம்" என்பேன். ஒருமுறை வேறு ஏதோ ஓர் அம்மா அதை வாங்கிக்கொண்டு, நல்லா இருப்பே ராசா என்று வாழ்த்திவிட்டு, தின்றே முடித்துவிட்டார். திருப்பிக் கேட்கவா முடியும்?

காமெடி சீன் வரும். தியேட்டரே சிரிக்கும். சிரித்து ஓயும். எல்லாம் அடங்கின பிறகு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கலீரென்று வரும். வேறு யார்? அதைக் கேட்டு ஆண்கள் பக்கம் இன்னொரு ரவுண்டு சிரிப்பார்கள். டியூப் லைட்டு இப்பத்தாம்ல எரியுது என்று எவனாவது கத்துவான். நான் யாரோ மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டே விட்டேன் — ஜோக் உனக்கு லேட்டாகத்தான் புரியுமா என்று. அவளுக்குக் கோபமே வரவில்லை.

"நீங்க அதைப் பாக்கலியா? பாத்திருந்தா நீங்களும் அப்பத்தான் சிரிச்சிருப்பீய."

எதை என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. இடம் பிடிக்க ஓடினோம். பேச்சு அதோடு போயிற்று.

கார்ட்டூனிலும் அவள் வழி தனி வழிதான். பாய் வீட்டு டிவியில் எலி தப்பித்தது என்று நாங்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருப்போம். இவள் மட்டும் உச்சுக்கொட்டுவாள், அந்தப் பூனை இன்றைக்கும் பட்டினிதானே என்று.

செண்பகம் இப்போது இல்லை. மஞ்சள் காமாலையில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் தியேட்டர் பக்கமே போகவில்லை.

வடை தின்ற அன்று பாய் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தார். நானும் செண்பகமும் இரண்டு மூன்று தடவை பார்த்த பழைய காமெடிப் படம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் திரும்பவும் ஓடுகிறது. அதே தியேட்டரில்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படம் பார்க்கப் போகவில்லை. அந்த ஒரு சிரிப்பு கேட்காதா என்றுதான் போனேன். கேட்காது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் போனேன்.

அதே சுவர். வெள்ளை அடித்திருந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. சுவரை ஒட்டியே உட்கார்ந்தேன்.

அந்த சீன் வந்தது. வீறாப்பான மாப்பிள்ளை, மாமனார் வீட்டு மாமரத்தில் திருட்டுத்தனமாக ஏறி, கிளை முறிந்து தண்ணீர்த் தொட்டியில் தொபுக்கடீரென்று விழுகிறார். தியேட்டர் அதிர்ந்தது. நான் சிரிக்கவில்லை. என் காது முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சிரிப்பு ஓய்ந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

கண் மட்டும் திரையில் இருந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

திரையின் ஓரத்தில் ஒரு வேலைக்காரர். பெயர்கூடத் தெரியாத துணை நடிகர். அப்போதுதான் கொடியில் துணி காயப்போட்டு முடித்திருக்கிறார். தொட்டித் தண்ணீர் தெறித்துத் துணியும் ஆளும் தொப்பலாக நனைந்தாயிற்று. மனுஷர் தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். ஒரு மேகம் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, துணிகளை எடுத்துப் பிழிந்து, முதலிலிருந்து காயப்போட ஆரம்பிக்கிறார்.

இதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? அந்த நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குனிந்தல்லவா கிடப்பேன்! நாங்கள் எல்லாரும் விழுந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவள் நனைந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பார்த்துவிட்டேன் செண்பகம் என்று சொல்ல ஆள் இல்லையே... அந்த நினைப்போடு சேர்ந்தே சிரிப்பும் வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அமைதியாக இருந்த தியேட்டரில் நான் ஒருத்தன் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். முன் வரிசைகளில் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவு சிரிக்கிய?"

"எங்க வீட்ல அப்படித்தான்" என்றேன்.